அலுங்காமப் படு கண்ணு

கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில், லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், அந்த ஃபிளக்ஸைக் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. சிரித்த முகம், நெற்றி நிறையத் திருநீறு, பின்னால் நீல ஆகாயமும் இரண்டு புறாக்களும். கீழே பெரிய எழுத்தில் 'நோயுற்றோரின் தாய்' என்று போட்டிருந்தது. நான் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அந்த எழுத்தைப் படித்ததும் வாயில் புளித்த தண்ணீர் ஊறியது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "தெய்வமாட்ட இருந்தாங்க. உங்களுக்குச் சொந்தந்தானுங்க?" என்று கேட்டாள். "ஆமாங்க," என்றேன். பஸ் வரும்வரை அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் என் வீட்டுக்காரருடைய அக்கா. எங்கள் கிழக்குப் பாலக்காட்டுப் பக்கத்தில் புருஷனின் அக்காளை நங்கை என்று கூப்பிடுவோம். பெயரை எழுதப் போவதில்லை. ஊர் முழுக்க அவரைப் பற்றி நல்லது பேசி முடித்துவிட்டது. எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

நங்கைக்கு நோயாளிகளைப் பிடிக்கும். இதைவிடச் சுருக்கமாக அவரைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நோயாளிகள் மேல் இரக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேறு. நங்கைக்கோ நிமிர்ந்து நிற்கிற ஆளிடம் பேசுவதற்கு ஒன்றுமே இருக்காது. கல்யாண வீடுகளில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை கொல்லங்கோட்டில் ஒரு மண்டபத்தில், வெறும் வயிற்றோடு வெயிலில் வந்த ஒரு பெண் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நங்கை விடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் தோளை அழுத்தி மறுபடியும் பாயில் சாய்த்தார். "அலுங்காமப் படு கண்ணு. நா பாத்துக்கறேன்." அந்தப் பெண் கல்யாணத்தையும் பார்க்கவில்லை, பந்தியையும் பார்க்கவில்லை. கடைசிப் பந்தி முடியும்வரை மேலே சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நங்கை பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். அன்று அவர் முகத்தில் இருந்த களை மணப்பெண்ணின் முகத்தில்கூட இல்லை.

அவரிடம் ஒரு ரெக்ஸின் பை இருந்தது. ரப்பர் விரிப்பு, மூக்கு வைத்த கிண்ணம், பழைய வேட்டியைக் கிழித்து வெளுத்து மடித்த துணிகள், நீலகிரித் தைலம், பெட்பேன். எந்த வீட்டில் யார் படுத்தாலும், ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சேர்வதற்குள் அந்தப் பை வந்து சேர்ந்துவிடும். வந்ததும் முதல் வேலையாக ஜன்னல்களைச் சாத்துவார். அப்புறம் நோயாளியின் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில், கை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடுவார்.

எனக்கு வலது மார்பில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று வாசலில் கார் நின்றபோது, அந்தப் பை ஏற்கெனவே எங்கள் கட்டில் மேல் இருந்தது.

நான் சும்மா உட்கார்ந்து பழகியவள் இல்லை. எங்களுக்குத் தென்னந்தோப்பும், கட்டுத்தரை நிறைய மாடுகளும் உண்டு. கறவை என் கைதான். விடியும் முன்பே சாணி வழித்து, பால் கறந்து, சொசைட்டி வண்டிக்கு ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் வீட்டு வேலை. எனக்கு அலுப்பு தெரியும். உடம்பை முறித்துக்கொண்டு படுத்தால் இனிக்கிற அலுப்பு அது. காலையில் எழுந்தால் போயிருக்கும்.

கீமோ தொடங்கிய பிறகு வந்தது அந்த அலுப்பு இல்லை. நாங்கள் மலையாளத்துக்காரர்களோடு பழகிச் 'சீணம்' என்போம். அந்த வார்த்தைதான் அதற்குச் சரி. தூங்கி எழுந்தாலும் அப்படியேதான் இருக்கும். நனைந்த சாக்கை யாரோ மேலே போர்த்திவிட்டதுபோல் கிடப்பேன். பல் தேய்த்தால் உட்கார வேண்டும். குளித்தால் துவட்டிக்கொள்வதற்கு முன்பு உட்கார வேண்டும். மாடு கத்தினால், அது பசியில் கத்துகிறது என்று புரிவதற்கே நேரமாகும். நாக்கில் இரும்புச் சுவை. கஞ்சியின் வாசம், சாம்பிராணி வாசம், வீட்டுக்காரரின் சட்டை வாசம் எல்லாமே குமட்டும். எல்லாவற்றையும்விட நங்கையின் கை குமட்டியது. தைலமும் பூண்டும் கலந்த ஒரு வாசம் அந்தக் கையில். அந்தக் கையால் கஞ்சியைப் பிசைந்து என் வாய்க்குள் ஊட்டுவார்.

"ஸ்பூனு குடுங்க நங்கை, நானே குடிச்சுக்கறேன்."

"கை ஆட்டப்படாது கண்ணு. தையல் பிரிஞ்சிரும்."

நான் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மீதிக் கஞ்சியை அவரே குடிப்பார். என் வாயோரம் வழிந்ததை விரலால் வழித்து, அந்த விரலை நக்குவார். எதையும் வீணாக்கக் கூடாது என்பதற்காக என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு நாள் கவனித்தேன். அவர் கண்ணை மூடி ருசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த வாளியை இழுத்து எல்லாவற்றையும் கக்கினேன். "வந்திருச்சா, வந்திருச்சா," என்று அவர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரலில் ஒரு உற்சாகம் இருந்தது.

என்னைப் பார்க்க வருகிறவர்களிடம் அவர்தான் பேசுவார். என் நோயை 'நாம' என்றுதான் சொல்வார். "நாம இன்னிக்கு ரெண்டு வாய்தான் குடிச்சோம்." "நமக்கு ரெண்டு நாளா வெளிய போகலீங்க." அறுவை முடிந்து விலாவில் குழாய் வைத்திருந்த நாட்களில், அதன் முனையில் தொங்கிய டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "நேத்து செகப்பா வந்துது, இன்னிக்குத் தெளிஞ்சிருக்குது பாருங்க," என்பார். வந்தவர்கள் கையில் காப்பியை வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். என் முடி கொட்டியபோது தலையணையிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தார். தூக்கிப் போடத்தான் சேர்க்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்தபோது அந்தக் கவரைத் திறந்து காட்டினார். "முட்டி வரைக்கும் இருந்த முடியுங்க. எல்லாம் போச்சு." வந்திருந்த பெண்ணொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நங்கையும் அழுதார். இரண்டு பேரும் திருப்தியாக அழுதார்கள். நான் மொட்டைத் தலையோடு போர்வைக்குள் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் பார்க்காமலில்லை. ஆனால் அவர் பயந்துபோயிருந்தார். என் நோயின் பெயரைச் சொல்லக்கூட அவர் நாக்கு எழவில்லை. பொறுப்பை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வந்ததும் தோட்டத்துக்குப் போய் நின்றுகொண்டார். "அக்கா இல்லாட்டி நாம என்ன பண்ணீருப்போம் புள்ள," என்பார். அக்கா அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவர். வீட்டுக்காரரைக் குறை சொல்லி எனக்குப் பயனில்லை.

எனக்கு அந்த வீட்டில் ஒரு படுக்கை ஏற்கெனவே ஞாபகத்தில் இருந்தது. என் மாமனாருடையது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் புத்தி தெளிவாக இருந்தது. கொல்லங்கோட்டிலிருந்து ஒருவர் வந்து அவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, கால் ஊன்றி நிற்கப் பழக்கினார். மாமனார் வலியில் கத்துவார். கத்தினாலும், அந்த ஆள் வரும் நேரத்துக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். நங்கை ஒரு வாரம் பொறுத்தார். அப்புறம் வாசலிலேயே நின்று, "எங்கப்பன இம்சை பண்றதுக்கு நீங்க வர வேண்டாங்க," என்று அந்த ஆளை அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் அறைக்குள் போகும்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்ப்பேன். மாமனார் நல்ல காலை மெதுவாக நகர்த்திக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவார். நங்கை பேசிக்கொண்டே அந்தக் காலைத் தூக்கி மறுபடி உள்ளே வைத்து, போர்வையை இழுத்துச் செருகுவார். கொஞ்ச நேரத்தில் கால் மறுபடி வெளியே வரும். அவர் மறுபடி உள்ளே வைப்பார். சில மாதங்களில் கால் வருவது நின்றுபோயிற்று. முதுகில் புண் வந்தது. மாமனார் கண்ணை மூடும்வரை நங்கை அருவருப்பே இல்லாமல் அந்தப் புண்ணைக் கழுவினார். ஊரே வந்து பார்த்து, மகள் என்றால் இவளல்லவா மகள் என்றது.

அவர் பார்த்துக்கொண்டவர்களில் தப்பித்துப் போனவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். சித்தப்பா முறையில் ஒருவர், தென்னை மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவர். கட்டுப் பிரிக்கும் முன்பே ஊன்றுகோலோடு ஆட்டோ ஏறி மாமியார் வீட்டுக்கு ஓடிவிட்டார். சில மாசத்தில் மறுபடி மரம் ஏறினார். நங்கை அவரை நன்றி கெட்டவன் என்பார். அவர் பேச்சை எடுத்தாலே நங்கைக்குக் கண் கலங்கும்.

ஆஸ்பத்திரி பாலக்காடு தாண்டி இருந்தது. அங்கே உடற்பயிற்சி சொல்லித் தருவதற்கென்று ஒற்றப்பாலத்துப் பெண்ணொருத்தி இருந்தாள். கெட்டிக்காரி. தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவாள். இரண்டாவது கீமோவுக்குப் போயிருந்தபோது என்னைச் சுவர் பக்கத்தில் நிற்க வைத்து, வலது கை விரல்களைச் சுவரில் பூச்சி ஏறுவதுபோல் மெல்ல மெல்ல மேலே நகர்த்தச் சொன்னாள். வலிக்கும் இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, இறக்க வேண்டும். தினமும்.

"க்ஷீணம் உண்டல்லே சேச்சி?"

"எந்திரிக்கவே முடியலம்மா."

"இருக்கும். மருந்து அப்படி. ஆனா க்ஷீணம்னு எப்பவும் கிடந்தா இன்னும் க்ஷீணிக்கும். வீட்டுக்குள்ளயே கொறச்சு நடக்கணும். முடியலன்னா உக்காரணும். அப்புறம் பின்னயும் கொறச்சு. பனி வந்தா, மூச்சு முட்டினா வேண்டாம், எங்களக் கூப்பிடணும். மத்த நாள் நடக்கணும். கேட்டோ?"

அவள் பனி என்றது காய்ச்சலை, கொறச்சு என்றது கொஞ்சத்தை. டாக்டரும் அதையேதான் சொன்னார். கூட வந்திருந்த நங்கை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காரில் ஏறியதும் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "சின்னப் புள்ள, கல்யாணங்கூட ஆகல. அதுக்கு என்ன தெரியும் நம்ம வலி," என்றார்.

அடுத்த நாள் காலையில் நான் செருப்பைக் கேட்டேன். கட்டிலுக்கு அடியில்கூட இல்லை. வெறுங்காலோடு கிளம்பினேன். வாசலிலிருந்து கட்டுத்தரை வரை போய், மாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று எண்ணம். பின்னால் ஏதோ தரையில் இடிபடும் சத்தம் கேட்டது. திரும்பினேன். நங்கை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உக்காந்துக்க கண்ணு."

"வேண்டாங்க நங்கை. இப்பத்தான வந்தேன்."

"மூஞ்சி வெளுத்துப் போச்சு. உக்காரு."

நான் நகர்ந்தால் நாற்காலியும் நகர்ந்தது. நான் நின்றால் என் முழங்காலுக்குப் பின்னால் அதன் விளிம்பு வந்து இடித்தது. தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான். கட்டுத்தரையின் தூண் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே போய்ப் பிடித்துக்கொண்டு நின்றால் எனக்குப் போதும். ஆனால் பின்னால் வருகிற நாற்காலிக்குப் பயந்து வேகமாக நடந்துவிட்டேன் போலிருக்கிறது. கண் இருட்டியது. கால் மடங்கியது. விழவில்லை; நாற்காலிதான் தயாராக இருந்ததே.

கண் தெளிந்தபோது நங்கையின் முகம் என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பதறிய முகமில்லை. கோவிலில் நடை திறந்ததும் கும்பிடுகிறவர்களின் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"நாஞ் சொன்னனல்ல," என்றார், மிக மெதுவாக.

என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். நான் நடந்ததால் செத்துப் போயிருப்பேன் என்று சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஃபோன் போய்விட்டது. வீட்டுக்காரர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். "அக்கா பேச்சக் கேளு புள்ள. எனக்காகக் கேளு," என்றார். அவர் கண் சிவந்திருந்தது. எனக்கு எதிர்த்துப் பேசவும் தெம்பு இல்லை. சரி என்றேன்.

அதற்குப் பிறகு நான் படுத்தேன். நங்கைக்கு அது நல்ல காலம். என்னைத் துடைத்தார், புரட்டினார், ஊட்டினார். உடம்பிலிருந்து சதை இறங்கியது. எழுந்து உட்கார்ந்தாலே நெஞ்சு படபடத்தது. சீணம் கூடிக்கொண்டே போயிற்று. கூடக் கூட, பார் எவ்வளவு சீணம், படுத்துக்கொள் என்றார். வலது கையை உடம்போடு ஒட்டி ஒரு துண்டால் கட்டிவிட்டார், தூக்கத்தில்கூட அலுங்கக் கூடாதென்று. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் விசாரிக்கும்போதெல்லாம், "செய்றோம், செய்றோம்," என்று எனக்கு முன்னால் அவர் பதில் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். பொய் சொல்கிற முகமாகவே இருக்காது.

கீமோ முடிந்து, ரேடியேஷனுக்கு முன்னால் அளவெடுக்க ஒரு ஸ்கேன். ஒரு குறுகிய பலகையில் மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். அந்த நிலையில்தான் தினமும் கதிர் கொடுப்பார்கள். நான் கையைத் தூக்கினேன். தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. அங்கிருந்த பையன் மெல்லப் பிடித்து உயர்த்தினான். நான் போட்ட சத்தத்தில் அவன் கையை விட்டுவிட்டான். இரண்டு மூன்று முறை பார்த்தார்கள். பிறகு எழுந்து போகச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார்.

"கை மேல வராம ரேடியேஷன் குடுக்க முடியாது. ரொம்பத் தள்ளிப் போடவும் முடியாது. இவங்கள யார் படுக்கச் சொன்னது?"

நங்கை பக்கத்தில் ஃபிளாஸ்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒற்றப்பாலத்துப் பெண் என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியபோதுதான் எனக்குப் பயம் வந்தது. நங்கை இன்னும் கொஞ்ச நாள் என்னைப் பார்த்துக்கொண்டால் நான் செத்துப்போவேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

காரில் நங்கை சொன்னார்: "வேற ஆசுபத்திரி பாக்கலாம். கையத் தூக்கச் சொல்லாத ஆசுபத்திரியா."

வீட்டுக்கு வந்ததும் நான் படுக்கவில்லை. நேராகப் போய் உள்ளறைச் சுவரில் விரலை வைத்தேன். இடுப்பு உயரத்திலிருந்து தொடங்கி, மார்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே விரல் ஏறியது. அக்குளிலிருந்து முழங்கை வரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினதுபோல் வலித்தது. நங்கை ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய எடுங்க நங்கை."

"பிரிஞ்சிருங் கண்ணு..."

"உங்க கைய எடுங்கன்னேன்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "உங்க கைய நெனச்சாலே எனக்குக் கொமட்டுதுங்க. என்ற சோத்த நீங்க திங்காதீங்க. என்ற முடிய ஊருக்குக் காட்டாதீங்க. உங்க பையத் தூக்கிட்டு உங்க ஊட்டுக்குப் போங்க."

அவர் பிடித்திருந்த கை தளர்ந்தது. என்னை முறைப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வாசலில் நின்ற தம்பியிடம் திரும்பி, "மருந்து மூளைக்கு ஏறிருச்சாட்ட இருக்குது," என்றார்.

"ஏனுங்க," என்று நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "அவங்க இருக்கோணும்னா நா போறேன். எங்கம்மா ஊட்டுக்கு இல்ல. அந்த ஆசுபத்திரித் திண்ணயில போய் உக்காந்துக்கறேன். நெசமாச் சொல்றேன்."

அவர் வாசலை விட்டு உள்ளே வந்தார். டாக்டர் கேட்ட கேள்வி அவருக்குள்ளும் இறங்கியிருந்தது போலிருக்கிறது. பிறகு ரெக்ஸின் பையை எடுத்துக்கொண்டு போய்க் காரில் வைத்தார்.

சொந்தத்தில் என்னைப் பேசாதவர்கள் இல்லை. மலம் அள்ளிப் போட்டவளைத் துரத்திவிட்டாள் என்றார்கள். வீட்டுக்காரர் பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் காலையில் ரசம் வைத்துச் சோறு வடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவார். ரசத்தில் உப்பு இருக்காது, அல்லது உப்பு மட்டுமே இருக்கும். நானே ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டேன். என் முழங்கையைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டபோது அவரைத்தான் கூப்பிட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார். பிறகு, "இன்னுங் கொஞ்சம் போகும் புள்ள," என்று சொல்லத் தொடங்கினார்.

நடந்ததால் சீணம் ஓடிப்போய்விட்டது என்று சொன்னால் பொய். பல நாள் வாசல்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். முடியாத நாட்களில் படுத்தும் கிடந்தேன். ஆனால் நானாகப் படுத்தேன், நானாக எழுந்தேன். கட்டுத்தரைத் தூண் வரை, பிறகு தோப்பின் முதல் வரிசை வரை, பிறகு வாய்க்கால் மேடு வரை. ஒரு நாள் வாய்க்கால் மேட்டிலிருந்து திரும்பி வரும்போது எனக்குப் பசித்தது. மாதக்கணக்கில் தெரியாத பசி. நின்று அதை நம்ப முடியாமல் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன்.

கை தலைக்கு மேலே போயிற்று. ரேடியேஷன் நடந்தது. மாத்திரை இன்னும் விழுங்குகிறேன், பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் பயமும் இருக்கிறது. முடி வளர்ந்தது, சுருட்டையாக. நான் படுத்திருந்தபோது விற்ற மாடுகளுக்குப் பதில் இரண்டு வாங்கிக் கட்டினோம். கறவைக்கு மெஷின்.

அப்போதுதான் நங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது என்று செய்தி வந்தது. பொள்ளாச்சியில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தார். வீட்டுக்காரர் காரை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். சாத்திய ஜன்னலும் தைல வாசமுமாக, நடுவில் அவர் மல்லாந்து கிடப்பார் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டேன். அந்தக் காட்சியைப் பார்க்க எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. மறைப்பானேன்.

ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நங்கை கூடத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். ரவிக்கை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் பல்லைக் கடித்து ஒரு முனகல். அவர் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் எப்போதும் அப்படித்தான். துணைக்கு வைத்திருந்த பெண் பின்னாலேயே போனாள்.

"காலையிலிருந்து நடக்கறீங்க. கொஞ்சம் படுங்கம்மா."

"அக்கட்ட போ," என்றார் நங்கை. அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

என் வீட்டுக்காரர் போய் மாமாவோடு சோபாவில் உட்கார்ந்தார். நான் நங்கைக்கு அருகில் போனேன்.

"வலிக்குமேங்க நங்கை. சித்த நேரம் சாஞ்சுக்கலாமல்ல?"

"சாஞ்சா ஆச்சா?" மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். "மொதல்ல காலுச் சதை போகும். அப்பறம் நெஞ்சுல சளி கட்டும். அப்பறம் முதுகு புண்ணாகும். எத்தன பேர நா பாத்திருக்கறேன். படுத்த ஆளு எந்திரிச்சதே இல்ல."

நான் அவர் பின்னாலேயே நடந்தேன்.

"உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியாம?"

"அப்ப மாமனாரு? அப்ப நானு?"

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். கேள்வி அவருக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. குற்றம் செய்தவர் முகமே இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்தைப் போய்க் கேட்கிறாளே என்பதுபோல் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் நா இருந்தனே கண்ணு," என்றார். "எனக்கு யாரு இருக்கறா?"

மறுபடி வாக்கரை நகர்த்தினார். ஒரு சுற்று போய்விட்டு என் பக்கம் வந்தபோது, வேர்வை வழிகிற முகத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண்ணில் அந்தப் பழைய ஒளி மெல்ல வந்தது. வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தார். தைலமும் பூண்டும்.

"எளச்சாப்பல இருக்கறயே அம்மிணி. உள்ள கட்டில் சும்மாதான் கெடக்குது. சித்த நேரம் படுக்கறயா?"

துணைப்பெண் கொண்டுவந்த காப்பியை நான் தொடவில்லை.

"நா போறேனுங்க நங்கை," என்றேன்.

"போறேன்னு சொல்லப்படாது கண்ணு," என்று பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "போயிட்டு வாறேன்னு சொல்லு."

நான் வாசலில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டு, எதுவும் சொல்லாமல் தெருவில் இறங்கினேன்.